படம் பார்த்தவர் பேச்சு: தமிழ்த் திரைப்பட வரலாற்றில் பொதுப்பார்வையாளர் கருத்தும் அதன் சான்றுகளும்

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படம் பார்த்துவிட்டு வெளியேறும் பொதுமக்கள் தமக்குள் பகிர்ந்துகொண்ட கருத்துகளே ஒரு படத்தின் ஆயுளை முடிவு செய்தன என்பதைத் திரைத்தொழிலினர் எக்காலத்தும் ஒப்புக்கொண்டு வந்துள்ளனர். ஆயினும் தமிழில் பேசும்படம் தோன்றிய பின் வந்த அரை நூற்றாண்டில் அக்கருத்துகள் பேசியவர் வாயிலிருந்து நேரடியாக எழுத்தில் ஏறியது அரிது. விசாரணைக் குழு, வார இதழ் விமர்சகர், விநியோகஸ்தர், சுவரொட்டி எழுதுவோர் எனப் பிறர் கைவழியாகவே அவை நம்மை வந்தடைகின்றன. இச்சான்றுகள் பார்வையாளரின் தீர்ப்பை ஓரளவு மெய்யாகவே தருகின்றன. அத்தீர்ப்புக்கான காரணத்தையோ பெரும்பாலும் தாமே சேர்த்துச் சொல்கின்றன. தீர்ப்பையும் காரணத்தையும் பிரித்தறிந்து இச்சான்றுகளைப் படிக்க வேண்டியதன் தேவையை இக்கட்டுரை சில எடுத்துக்காட்டுகளின் வழி ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பொதுப்பார்வையாளர், ரங்காச்சாரியார் குழு, டூரிங் டாக்கீஸ், பாட்டுப் புத்தகம், திரை விமர்சனம், வாய்மொழிப் பரவல்.

முன்னுரை

1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. எச். எம். ரெட்டி இயக்கி, டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படத்தின் சுருள் இன்று இல்லை. விளம்பரம், பத்திரிகைக் குறிப்பு, பாடல் பற்றிய செய்திகள், படத்தோடு தொடர்புடையவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தவை ஆகியவையே எஞ்சியுள்ளன. நாயகி தமிழில் பேச நாயகன் தெலுங்கில் மறுமொழி கூறினார் என்பதும், கதைக்குத் தொடர்பற்ற தேசியப் பாடல்கள் இடம்பெற்றன என்பதும் இவற்றிலிருந்து தெரிகின்றன. கட்டுக்கோப்பு என்ற அளவுகோலால் அளந்தால் இது ஒரு குறைப்படம். ஆனால் அன்றைய சென்னை மக்கள் அதைத் திரண்டு சென்று பார்த்தனர். அவர்கள் எதைக் கண்டு மகிழ்ந்தனர்? திரையில் உருவம் வாய் திறந்து தம் மொழியில் பாடியதையா, ராட்டையைப் பற்றிய பாட்டையா, மேடையில் முன்பே அறிந்திருந்த ராஜலட்சுமியையா?

இவ்வினா 'காளிதாஸ்' என்னும் ஒரு படத்துக்கு மட்டும் உரியதன்று. 1930களில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்களுள் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. தென்னிந்திய மௌனப் படங்களின் நிலை இதனினும் மோசம். 1933ஆம் ஆண்டு 'மார்த்தாண்ட வர்மா' தப்பிப் பிழைத்ததே அதன் சிறப்பாகிவிட்டது. படம் கையிலிருந்தால் வரலாற்றாசிரியர் அதைத் தாமே பார்த்து மதிப்பிட்டுக்கொள்ளலாம். படம் இல்லாதபோது அதைப் பார்த்தவர் சொன்னதே படத்துக்கு மாற்றாக நிற்கும் சான்றாகிறது. எனவே பொதுப்பார்வையாளர் கருத்து என்பது இங்கு இரசனை பற்றிய துணைச் செய்தி அன்று. அது முதன்மைச் சான்றைச் சார்ந்த சிக்கல்.

பொதுப்பார்வையாளர் என்று இக்கட்டுரை குறிப்பது எழுதுவதைத் தொழிலாகக் கொள்ளாது, ரசிகர் மன்றம் போன்ற அமைப்பிலும் சேராது, காசு கொடுத்துப் படம் பார்த்து, அக்கம்பக்கத்தாரிடம் நன்றென்றோ வீணென்றோ சொன்னவரை. ரசிகர் மன்றங்களைப் பற்றி விரிவான ஆய்வுகள் உள்ளன. அவை இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

கேட்கப்பட்டவரும் கேட்கப்படாதவரும்

இந்தியாவில் திரைப்படம் பார்ப்போர் பற்றிய முதல் பெரும் விசாரணை 1927 அக்டோபரில் அமைக்கப்பட்ட இந்தியத் திரைப்பட விசாரணைக் குழுவினுடையது. சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமை ஏற்றதால் அது ரங்காச்சாரியார் குழு என்றே வழங்குகிறது. 4,325 வினாப்படிகள் அனுப்பப்பட்டு 320 விடைகள் பெறப்பட்டன. நாட்டின் பல நகரங்களில் 353 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 1928இல் வெளியான அறிக்கையும் அதனுடன் சேர்ந்த சாட்சியத் தொகுதிகளும் மௌனப் படக் காலத்தை ஆராய்வோர் தவிர்க்க இயலாத மூலங்கள்.

அச்சாட்சியங்களைப் படிப்போர்க்கு ஒன்று விரைவில் புலனாகும். தணிக்கையாளர், காவல்துறை அதிகாரி, கல்வியாளர், இதழாசிரியர், அரங்க உரிமையாளர், படத் தயாரிப்பாளர் ஆகியோர் பேசுகின்றனர். அவர்கள் பேசுவதோ பெரும்பாலும் பிறரைப் பற்றி. மலிவுக் கட்டணத்தில் தரையிலும் பெஞ்சியிலும் அமர்ந்தவர்களுக்குத் தொடர்படமும் சண்டையும்தான் வேண்டும், புராணப் படம் என்றால் குடும்பத்தோடு வருவர், படிப்பறிவில்லாதவர் மேல்நாட்டுக் காட்சிகளைத் தவறாகப் புரிந்துகொள்வர் என்ற வகையான கூற்றுகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. தரையில் அமர்ந்தவர் என்ற தகுதியிலேயே அழைக்கப்பட்டுச் சாட்சி சொன்னவரைத் தேடிக் காண்பது அரிது. குழுவின் மீது இதைக் குற்றமாகச் சாட்ட வேண்டியதில்லை. விசாரணைக் குழு என்னும் அமைப்பே அறிந்தவரை அழைத்து அறியாதவரைப் பற்றிக் கேட்கும் முறையில் உருவானது.

இதில் நகைமுரண் ஒன்று உண்டு. குழு காந்தியடிகளுக்கும் வினாப்படி அனுப்பியது. தாம் ஒருபோதும் திரைப்படக் கொட்டகைக்குச் சென்றதில்லை, ஆதலால் விடையளிக்கத் தகுதியற்றவர் என்று அவர் 1927 நவம்பரில் மறுமொழி எழுதினார். எனினும் திரைப்படத்தால் விளைந்த தீமை வெளிப்படை என்ற கருத்தையும் அதே மடலில் சேர்த்திருந்தார். படமே பார்க்காதவரின் கருத்து ஆவணத்தில் நிலைபெற்றது. வாரந்தோறும் பார்த்தவர் கருத்துக்கு அங்கு இடமில்லை.

இருந்தும் இத்தொகுதிகள் பயனற்றவை ஆகா. மௌனப் பட அரங்குகள் பற்றி ஆராய்ந்த ஸ்டீபன் ஹியூஸ் காட்டியதுபோல, அரங்க உரிமையாளர்களின் சாட்சியத்தில் வணிகக் கணக்கு பேசும் இடமும் சமூக எண்ணம் பேசும் இடமும் வேறு வேறானவை. எந்தப் படம் கூட்டம் சேர்த்தது என்று அவர்கள் கூறுவதைப் பெரும்பாலும் நம்பலாம். அது அவர்களது பிழைப்பு. 'பாக்தாத் திருடன்' நாடெங்கும் பெரும் வரவேற்புப் பெற்றது என்று பலரும் ஒருமித்துச் சொல்வது இத்தகைய செய்தி. கூட்டம் ஏன் சேர்ந்தது என்று அவர்கள் கூறத் தொடங்கும்போது, வர்க்கம், சாதி, படிப்பு பற்றிய அவர்களுடைய முன்முடிவுகள் சொற்களுக்குள் நுழைந்துவிடுகின்றன. தீர்ப்பும் காரணமும் வேறு கையால் எழுதப்பட்டவை என்பதற்கு முதல் சான்று இதுவே.

கொட்டகைக்குள் நிகழ்ந்த பேச்சு

அரங்கைவிட்டு வெளியேறிய பிறகுதான் கருத்துப் பகிர்வு தொடங்கியது என்று எண்ணுவது இன்றைய இருண்ட, அமைதியான அரங்கின் பழக்கத்தை முன்காலத்தின் மீது ஏற்றுவதாகும். மௌனப் படக் கொட்டகை அமைதியான இடமன்று. திரையருகே நின்று கதையை விளக்கிச் சொல்வோர் இருந்தனர். எழுத்தட்டை திரையில் தோன்றும்போது எழுத்தறிந்தவர் உரக்கப் படிக்க, அருகிலிருந்தோர் கேட்டுக்கொண்டனர். படித்தவர் வெறும் எழுத்தை மட்டும் படித்திருப்பார் என்று நம்புவது கடினம். ஆகவே ஒரே படத்தை ஒரே காட்சியில் பார்த்தவர்களும் தம் அருகே அமர்ந்தவரைப் பொறுத்துச் சற்றே வேறுபட்ட படங்களைப் பார்த்தனர் எனலாம்.

பேசும்படம் வந்தபின் இவ்விளக்குநர் மறைந்தனர். பேச்சு மறையவில்லை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 முதல் ஊர் ஊராகக் கொண்டு சென்ற கூடாரக் காட்சிகளின் வழியில் வந்த டூரிங் டாக்கீஸ்கள், சிற்றூர் மக்களுக்குத் திரைப்படத்தைக் கொண்டு சேர்த்தன. ஒரே படவீழ்த்தியைக் கொண்டு ஓட்டிய கொட்டகைகளில் ரீல் மாற்றும்போதெல்லாம் காட்சி நின்றது, விளக்கு எரிந்தது, சோடாவும் முறுக்கும் விற்பவர் உள்ளே வந்தனர். அந்த இடைவேளைகள் ஒவ்வொன்றும் கருத்துரைக்கும் நேரங்கள். அடுத்த ரீலில் என்ன நடக்கும் என்ற ஊகமும், முன்பே பார்த்தவர் கதையை உடைத்துச் சொல்வதும், அதற்காக அவரை அதட்டுவதும் இங்கு நிகழ்ந்தன. பெண்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி நடுவே தடுப்பு வைத்த கொட்டகைகளில், தடுப்பின் இரு புறமும் இருவேறு உரையாடல்கள் ஓடின. ஆண்கள் பகுதிப் பேச்சைப் பற்றி நினைவுக் குறிப்புகளில் ஓரளவேனும் காணலாம். மறுபுறத்துப் பேச்சு எழுத்தில் ஏறியது மிகக் குறைவு.

கொட்டகையின் இவ்விருக்கை முறையைப் பற்றிப் பேசும் எவரும் கா. சிவத்தம்பியின் கருத்தைக் கடந்து செல்ல இயலாது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகலைக் கூடம் திரையரங்கே. அங்கு இருக்கையை முடிவு செய்தது பிறப்புவழிப் படிநிலை அன்று, வாங்கும் ஆற்றலே என்று அவர் 1981இல் எழுதினார். நடைமுறையில் இவ்விரண்டும் எவ்வளவு தூரம் ஒன்றையொன்று தழுவி நின்றன என்பது தனியே விவாதிக்கத்தக்கது. கருத்துப் பகிர்வைப் பொறுத்தவரை சிவத்தம்பியின் கூற்றிலிருந்து வேறொரு முடிவும் பெறப்படுகிறது. ஒரே கூரையின்கீழ் அமர்ந்ததால் நாற்காலிக்காரர் தரைக்காரரின் சிரிப்பையும் சீழ்க்கையையும் காதால் கேட்க நேர்ந்தது. கோயில் மண்டபத்திலோ சபாவிலோ இது நேர்ந்ததில்லை. பிறர் இரசனையைத் தாம் கேட்க நேர்ந்த இந்த அதிர்ச்சியிலிருந்தே 'தரை டிக்கெட் இரசனை' என்ற பழிச்சொல் பிறந்தது.

கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகமும் பார்வையாளர் பேச்சோடு உறவுடையது. மெல்லிய தாளில் அச்சிட்ட அச்சிறு நூல்களில் நடிகர் பட்டியலும், முடிவைச் சொல்லாமல் நிறுத்திய கதைச் சுருக்கமும், பாடல்களும் இருந்தன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவற்றின் பெருந்தொகுப்பு உள்ளது. இவை படத்தைப் பற்றிய சான்றாகவே இதுவரை பயன்பட்டு வந்துள்ளன. வாங்கியவர் படம் முடிந்த பின்னும் அதை வீட்டில் வைத்துப் பாடினார், பார்க்காதவருக்குக் கதை சொன்னார் என்பதையும் எண்ணினால், இது திரைப்படம் பேச்சாக மாறி வீட்டுக்குள் நுழைந்த வழி என்பது தெளிவாகும். இரவுக் காட்சிக்குச் செல்ல விடப்படாத பெண்களுக்கு அவ்வழியே படம் சென்றது.

விமர்சகர் எழுத்தில் பார்வையாளர்

1930களில் தமிழில் திரை விமர்சனத்தை ஓர் எழுத்து வகையாக நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. 'ஆனந்த விகடன்' இதழில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் இசை, நாடகம், நாட்டியம் பற்றி எழுதிய அதே பேனாவே பேசும்படத்தையும் கேலியும் கண்டிப்புமாக எடைபோட்டது. அவரது நடையின் வெற்றி, தாம் ஒரு நிபுணர் என்ற பாவனை இன்றி, படம் பார்க்கப் போய் மாட்டிக்கொண்ட சாதாரண மனிதர் போலப் பேசியதில் இருந்தது. வண்டி பிடித்து, டிக்கெட் வாங்கி, மூட்டைப்பூச்சிக்கு இரையாகி, இத்தனை நீளப் படத்தையும் பார்த்துத் தொலைத்தவரின் குரல் அது. பொதுப்பார்வையாளர் குரல் தமிழ் அச்சில் முதலில் வந்தது இப்படி ஒரு வேடமாகத்தான். வேடம் என்பதால் அதைத் தள்ள வேண்டியதில்லை. நம்பத்தகுந்த வேடம் போட வேண்டுமானால், நிஜமான பேச்சின் சாயல் எழுதுபவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

பின்னாளில் விகடன் இம்முறையை வெளிப்படையாகவே கையாண்டது. இரு நண்பர்கள் படம் பார்த்துவிட்டு உரையாடுவதாக அமைந்த விமர்சனங்கள் அதில் வெளிவந்தன. சில உரையாடல்கள் சென்னைப் பேச்சு வழக்கிலேயே அமைந்தன. இங்குப் பார்வையாளர் பேசுகிறார், ஆனால் ஆசிரியர் குழு எழுதிக் கொடுத்ததைப் பேசுகிறார். எளிய மக்களின் வழக்கில் பேசும் பாத்திரம் வரும்போது அது நகைச்சுவைக்கும் பயன்படுகிறது, படத்தை ஐயமின்றிப் பாராட்டவும் பயன்படுகிறது. எம். எஸ். எஸ். பாண்டியன் 1996இல் எழுதிய கட்டுரையில், தமிழ்ப் பண்பாட்டு மேட்டிமையினர் திரைப்படத்தை முற்றாக ஒதுக்கவும் இயலாமல் ஏற்கவும் இயலாமல் தடுமாறி, அதை உயர்த்தும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டதாக வாதிட்டார். அவ்வாதத்தை ஏற்கும்போதும் இவ்வுரையாடல் விமர்சனங்களை மேட்டிமையின் குரல் என்று மட்டும் ஒதுக்கிவிடுவது பொருந்தாது. விற்பனையை நம்பிய வார இதழ் ஒன்று தன் வாசகர் திரையரங்கில் உணர்ந்ததற்கு முழுதும் மாறாக நெடுநாள் எழுதிவிட முடியாது.

விமர்சகருக்கும் பார்வையாளருக்கும் இடையிலான பிளவு மிகக் கூர்மையாக வெளிப்பட்டது 1952 தீபாவளிக்கு வெளியான 'பராசக்தி'யின்போது. படத்தைத் தடை செய்யக் கோரிக்கைகள் எழுந்தன. 'தினமணி கதிர்' கடுமையாகக் கண்டித்து எழுதியதோடு 'பரப்பிரம்மம்' என்று பெயர் மாற்றிக் கேலிச்சித்திரமும் வெளியிட்டது, மு. கருணாநிதி அப்பெயரையே எடுத்து நாடகமாக்கி மேடையேற்றினார். கண்டனமும் எதிர்க்கண்டனமும் அச்சில் உள்ளன. திரும்பத் திரும்பப் பார்த்த கூட்டம் என்ன கருதியது என்பதற்கு அத்தகைய கட்டுரை ஏதும் இல்லை. மாறாக வேறொரு செய்தி கிடைக்கிறது. சென்னை மூர் மார்க்கெட் பகுதியில் தெருவோரக் கலைஞர்கள் அப்படத்தின் நீண்ட வசனங்களை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டிச் சுற்றி நின்றோரிடம் காசு பெற்றனர்.

இச்செய்தியைப் படத்தின் புகழுக்கான ஒரு சுவையான துணுக்காகவே பலரும் எடுத்தாண்டுள்ளனர். பார்வையாளர் கருத்துக்கான சான்றாக இதைப் படித்தால் அதன் எடை கூடுகிறது. தெருவில் காசு போடுபவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. படத்தில் எந்தப் பகுதி தமக்கு வேண்டும் என்று கேட்போரே தேர்ந்துகொண்டனர். நீதிமன்றக் காட்சியின் வசனமே அவ்வாறு தேர்வு பெற்றவற்றுள் முதலிடம் பெற்றது. தமிழ்ப் பொதுப்பார்வையாளர் ஒரு படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும் முறைகளுள் முக்கியமானது அதைப் பற்றிப் பேசுவதன்று, அதையே மறுபடி பேசிக் காட்டுவது. வசனத்தைச் சொல்லிக் காட்டுதல், பாட்டை முணுமுணுத்தல், நடையைப் பாவித்தல் ஆகியன மதிப்பீட்டின் வடிவங்களே. மேலைத் திறனாய்வு மரபு வகுத்த 'கருத்து' என்ற வரையறைக்குள் இவை அடங்காததால், நம் ஆய்வுகள் இவற்றை எதிர்வினை என்று பெயரிட்டுத் தாழ்த்திவிட்டன.

'அந்த நாள்': பிறர் எழுதிய காரணம்

பிளவின் மறுமுனையில் நிற்பது 1954 ஏப்ரலில் வெளியான 'அந்த நாள்'. ஏவி. எம். தயாரிப்பில் எஸ். பாலச்சந்தர் இயக்கிய இப்படத்தில் பாடலும் இல்லை, நடனமும் இல்லை. ஒரு கொலையைப் பலரும் தத்தம் கோணத்தில் விவரிக்கும் கட்டமைப்பு தமிழுக்குப் புதிது. விமர்சகர் பாராட்டினர், இரண்டாம் தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. வணிகத்தில் தோற்றது. பாட்டில்லாத படத்தைத் தமிழ் இரசிகர் ஏற்கவில்லை என்ற விளக்கம் அன்று முதல் இன்று வரை ஐயமின்றிச் சொல்லப்பட்டு வருகிறது.

படம் போதிய அளவு ஓடவில்லை என்பது தீர்ப்பு; அது வசூலில் தெரிந்தது. பாட்டில்லாமையே காரணம் என்பது விளக்கம். அதைச் சொன்னவர்கள் தயாரிப்புத் துறையினரும் பிற்கால எழுத்தாளரும். பார்வையாளருக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கக்கூடும். பாடல் இல்லாததால் பாட்டுப் புத்தகம் வழியே படம் வீட்டுக்குள் செல்லும் வழி அடைபட்டது. கொலையாளி யார் என்பதே கதையின் முடிச்சாகையால், முதல் நாள் பார்த்தவர் மறுநாள் தெருவில் அதைச் சொல்லிவிட்டால் பார்க்காதவர்க்கு ஆர்வம் குறையும். 'பராசக்தி'யைத் தூக்கி நிறுத்திய அதே வாய்மொழிப் பரவல், துப்பறியும் படத்துக்குத் தன் இயல்பிலேயே எதிரானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எதிரி நாட்டுக்கு உளவு சொல்பவனாக நாயகன் வெளிப்படும் கதையில் சிவாஜி கணேசனைக் காணவும் பலருக்கு மனம் ஒப்பாதிருக்கலாம். இவை மாற்று ஊகங்களே எனினும், நெடுங்காலமாக வழங்கும் விளக்கத்தைவிடக் குறைந்த ஆதாரம் கொண்டவை அல்ல. தமிழ்ப் பார்வையாளர் பாட்டுக்கு அடிமை என்ற முடிவு 1954இல் அவர்களைக் கேட்டு எழுதப்பட்டதன்று. அம்முடிவு அதன்பின் எடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான படங்களில் பாடல்களைக் கட்டாயமாக்கியதையும் சேர்த்து எண்ணினால், பிறர் எழுதிய ஒரு காரணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது விளங்கும்.

கணக்கேட்டிலும் சுவரிலும்

பார்வையாளர் கருத்தை மிக உன்னிப்பாகக் கவனித்தவர் விமர்சகர் அல்லர். அரங்க மேலாளரும் விநியோகஸ்தருமே. காட்சிவாரியாகவும் கட்டண வகுப்புவாரியாகவும் விற்ற நுழைவுச்சீட்டுகளைக் காட்டும் தினசரி வசூல் அறிக்கை, தொழில் வழக்கில் டி.சி.ஆர்., அவர்களது வாசிப்பு நூல். முதல் நாள் கூட்டம் விளம்பரத்துக்கும் நடிகர் பெயருக்கும் உரியது, திங்கட்கிழமைக் கூட்டமே படத்துக்கு உரியது என்பது அவர்கள் பட்டறிவு. தரை வகுப்பு நிரம்பி நாற்காலி காலியானால் ஒரு பொருள். மேட்னி ஷோவில் பெண்கள் பகுதி நிரம்பினால் வேறு பொருள். எந்தக் காட்சியில் ஆண்கள் எழுந்து புகைக்கச் செல்கின்றனர் என்பதை ஆபரேட்டர் சொல்லக் கேட்டு, வெளியான படத்தின் நீளத்தைக் குறைப்பதும் வழக்கமாயிற்று. எழுந்து வெளியே செல்வதைவிடத் தெளிவான விமர்சனம் வேறில்லை.

இக்கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது நாள்களின் எண்ணிக்கையாகவும் வாரங்களின் எண்ணிக்கையாகவும் உருமாறியது. 1944 அக்டோபரில் சென்னை பிராட்வே அரங்கில் வெளியான 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது தமிழ்த் திரைப்பட வரலாற்றில் அடிக்கடி கூறப்படும் செய்தி. அப்படத்தின் நாயகன் எம். கே. தியாகராஜ பாகவதர் வெளியீட்டுக்குப் பின் சில வாரங்களிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். அவர் சிறையில் இருந்த காலத்தின் பெரும்பகுதியிலும் படம் ஓடியது. மக்கள் பாகவதர் பாட்டுக்காகவா, அவர்மீது கொண்ட இரக்கத்துக்காகவா, புதுப்படங்கள் போதிய அளவு வராத போர்க்காலச் சூழலாலா திரும்பத் திரும்பச் சென்றனர் என்பதை வாரக் கணக்கு சொல்லாது. மூன்றும் கலந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

சுவரொட்டி இக்கணக்குக்கு மொழி கொடுத்தது. தாய்க்குலத்தின் பேராதரவு, பட்டிதொட்டியெங்கும் வரவேற்பு, ரசிகப் பெருமக்களின் வேண்டுகோளுக்கிணங்க என்னும் தொடர்கள் பார்வையாளரைப் பேசவைக்காமலேயே அவர் பேசியதாக அறிவிப்பவை. 'தாய்க்குலம்' என்ற சொல் இவற்றுள் தனியே ஆராயத்தக்கது. தடுப்புக்கு மறுபுறம் அமர்ந்த பெண்களின் கருத்து எழுத்தில் ஏறவில்லை என்று முன்னர்க் கூறப்பட்டது. ஏறியபோது அது ஒரு குலத்தின் ஒருமித்த கண்ணீராகச் சுருக்கப்பட்டே ஏறியது. படத்தைக் கண்டு சலித்த தாயும், நகைத்த தாயும், கணவன் விரும்பியதால் உடன் வந்த தாயும் அச்சொல்லுக்குள் இல்லை. சுவரொட்டி மொழியை அப்படியே எடுத்துக்கொண்டு 'பெண்கள் விரும்பிய படங்கள்' என்று வகைப்படுத்தும் போக்கு நம் பல்கலைக்கழக ஆய்வேடுகளிலும் புகுந்துவிட்டது வருந்தத்தக்கது.

கேட்கத் தொடங்கிய காலம்

பார்வையாளரை நேரில் கேட்கும் முயற்சிகள் 1970களில் ஆய்வுலகில் வலுப்பெற்றன. ஹார்ட்கிரேவும் நைட்ஹார்ட்டும் தமிழகத்தில் திரைப்படமும் அரசியல் உணர்வும் பற்றி 1975இல் வெளியிட்ட கட்டுரை வினாநிரல் முறையைச் சார்ந்தது. அதற்கு முன்பே கேள்வி முடிவாகியிருந்தது: திரைப்படம் வாக்கை எவ்வாறு பாதிக்கிறது? படம் நன்றாக இருந்ததா என்று கேட்பதற்கு அத்திட்டத்தில் பெரிய இடமில்லை. சாரா டிக்கி 1980களின் நடுவில் மதுரையில் நகர்ப்புற ஏழை மக்களிடையே தங்கி மேற்கொண்ட களப்பணி, 1993இல் நூலாகியது. அவர்களோடு படத்துக்குச் சென்று, அவர்கள் வீட்டிலும் வாயிலிலும் பேசிய பேச்சைக் கேட்டுப் பதிந்த வகையில் அது முன்னையவற்றினின்றும் வேறுபட்டது. ரங்காச்சாரியார் குழுவுக்குப் பின் தரை வகுப்பினர் சாட்சிக் கூண்டில் ஏற அறுபது ஆண்டுகள் ஆயின. அப்போதும் அதை எழுதியது ஆங்கிலத்தில் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இதற்கிடையில் 1977 செப்டம்பரில் '16 வயதினிலே' வெளிவந்தது. பாரதிராஜாவின் முதல் படம். விநியோகஸ்தர் வாங்கத் தயங்கியதால் தயாரிப்பாளர் எஸ். ஏ. ராஜ்கண்ணு தாமே வெளியிட்டார். தொழிலறிவு பெற்றவர்கள் தம் வாசிப்பு முறைகள் அனைத்தையும் கொண்டு இது ஓடாது என்று கணித்தனர். நாயகன் கோவணத்துடன் நொண்டி நடக்கிறான், அரங்க அமைப்புகள் இல்லை, கிராமத்து மண் அப்படியே திரையில் தெரிகிறது. இவை மக்களுக்குப் பிடிக்காது என்பது பழைய கணக்கேடுகளிலிருந்து அவர்கள் கற்ற பாடம். படம் வெள்ளிவிழாக் கண்டது. 'அந்த நாள்' முதல் திரண்டு வந்த 'மக்களுக்கு இதுதான் வேண்டும்' என்ற விளக்கத் தொகுதி ஒன்று சில வாரங்களில் பயனற்றுப்போயிற்று. மாறியது மக்கள் இரசனையா, அல்லது அவ்விரசனை குறித்துப் பிறர் எழுதிவைத்திருந்தது முன்பே தவறாக இருந்ததா என்பதை இவ்வெற்றி ஒன்றைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. பிந்தையதற்கு இடம் அதிகம் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

அதே படத்துக்கு விகடன் விமர்சனக் குழு 62.5 மதிப்பெண் வழங்கியது. அவ்விதழ் அளித்தவற்றுள் மிக உயர்ந்ததாக அது இன்றும் நினைவுகூரப்படுகிறது. பள்ளித் தேர்வு போன்று நூற்றுக்கு இவ்வளவு எனத் திருத்தி மதிப்பிடும் இம்முறை, உரையாடல் விமர்சனத்தில் வேடமிட்டேனும் தோன்றிய பார்வையாளரை மேடையிலிருந்து இறக்கியது. வாசகரோ மதிப்பெண்ணைத் தம் பேச்சுக்குள் எடுத்துக்கொண்டனர். விகடன் குறைத்துப் போட்டது, கூட்டிப் போட்டது என்று விவாதித்தனர். தாமே மதிப்பெண் போட்டனர். மேலிருந்து வந்த அளவுகோலைத் தேநீர்க் கடை பெஞ்சியில் அமர்ந்தவர் கைப்பற்றிய இந்நிகழ்வுக்குத் தனி ஆவணம் இல்லை; பிற்காலத்தார் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அது சிதறிக் கிடக்கிறது.

நினைவுக் குறிப்புகளை இவ்வகை ஆய்வுக்குப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கருத்தில் கொள்ளுதல் நலம். ராண்டார் கை 'தி ஹிந்து' நாளிதழில் பழைய படங்களைப் பற்றி எழுதிய தொடரில், ஒவ்வொரு கட்டுரையின் இறுதியிலும் அப்படம் எதற்காக நினைவில் நிற்கிறது என்று ஓரிரு வரிகளில் குறித்தார். ஒரு பாடல், ஒரு நகைச்சுவைக் காட்சி, ஒரு நடிகையின் தோற்றம் என அவை அமைந்தன. சுருள் அழிந்துபோன படங்களைப் பொறுத்தவரை அந்த வரிகளே பார்வையாளர் தீர்ப்புக்கு மிக அருகில் நிற்பவை. கதையை அவை அரிதாகவே சுட்டுகின்றன. விமர்சகர்கள் கதைக்காகவே படங்களைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பார்த்தவர்கள் வேறெதையோ எடுத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கின்றனர். 1940களில் டூரிங் டாக்கீஸில் படம் பார்த்த தலைமுறையினர் இன்று எண்பதையும் தொண்ணூறையும் கடந்தவர்கள். அவர்களிடம் கதை என்ன என்று தொடங்காமல், யாருடன் சென்றார்கள், எங்கு அமர்ந்தார்கள், மறுநாள் யாரிடம் எதைச் சொன்னார்கள் என்று கேட்டுப் பதிவு செய்வதே முதலில் செய்யத்தக்க பணி.